செயப்பாட்டுவினையும் அதன் பரிவாரமும்

நம் ஊரான ஆரணியைப் பற்றிய எந்தச் சிறப்பு மலரைப் புரட்டினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: புதுக்காமூரில் தசரதன் புத்திரகாமேட்டி யாகம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது ‘சொல்லுவாங்க’ என்று முடிப்பவர், பேனாவைத் திறந்ததும் ‘சொல்லப்படுகிறது’ என்கிறார். இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ‘இஸ் செட் டு ஹாவ் பீன் பெர்ஃபார்ம்ட்’ என்று நீளும். ஒரு செயப்பாட்டுவினை, அதன் முதுகில் ‘டு’ போட்ட ஓர் இன்ஃபினிடிவ், அந்த இன்ஃபினிடிவுக்குள் இன்னொரு செயப்பாட்டு. நடுவில் ‘ட்ரெடிஷனலி’ என்று ஒரு வினையடையையும் சேர்க்க விரும்பினால் அதை எங்கே வைப்பது? இங்கேதான் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் தயங்குகிறார்கள்.

செயப்பாட்டுவினை நல்லதா கெட்டதா என்று வழக்காடியவர்கள் ஏராளம். அதன் நடுவிலும் பின்னாலும் வரும் பரிவாரம் உரிய இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தவர்கள் குறைவு. நான் இரண்டாவது கட்சி.

முதலில் நம் வீட்டு இலக்கணப் பள்ளிகள். தொல்காப்பியர் ‘படு’ சேர்த்த வினைக்கென்று தனி இலக்கணம் எதுவும் வகுக்கவில்லை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கில் உண்டு என்று ஒரு நூற்பாவோடு நகர்ந்துவிடுகிறார். உரைகாரர்கள் இதற்குக் காட்டுவது மெழுகிய திண்ணையை. திண்ணை தானே மெழுகிக்கொள்ளாது, ஆனாலும் அதுதான் எழுவாய். நன்னூல் எழுதிய சமண முனிவர் பவணந்தியும் இதையே வழிமொழிகிறார். ‘ஆரணியில நெஞ்ச புடவை’ என்று நம் கடைத்தெருவில் சொல்வதில் ‘படு’ எங்கே இருக்கிறது? புடவை நெய்யவில்லை, நெய்தவர் பெயரும் இல்லை, கேட்பவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

இன்னொரு பள்ளி வடமொழி வழியில் வந்தது. 11ஆம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரனார் எழுதிய வீரசோழியமும், 17ஆம் நூற்றாண்டில் சுப்பிரமணிய தீட்சிதர் எழுதிய பிரயோக விவேகமும் வடமொழிப் பிரயோகப் பகுப்பை, அதாவது செய்வினை, செயப்பாட்டுவினை என்ற பிரிவை, தமிழுக்குள் கொண்டுவந்தன. கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கு முறையான செயப்பாட்டுவினையே இல்லை என்று எழுதினார். அவர் அதை ஒரு குறை போலச் சொன்னதாகப் பலர் படிக்கிறார்கள். எனக்கு அது ஒரு தகவலாகத்தான் படுகிறது.

காரணம், ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் ஒரு மெழுகிய திண்ணை இருந்தது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றுதான் 18ஆம் நூற்றாண்டு வரை எழுதினார்கள். வீடு எதைக் கட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ‘இஸ் பீயிங் பில்ட்’ என்பது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் தலைகாட்டியது. அதற்குக் கிடைத்த வரவேற்பு பெரிய வசவு. அமெரிக்கரான ரிச்சர்ட் கிராண்ட் வைட் 1870இல் வெளியிட்ட நூலில் அதைக் கண்டிக்கவே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ‘இஸ்’ என்பதும் ‘பீயிங்’ என்பதும் ஒரே வினை, ஒன்றை இரண்டு முறை சொல்வது மடமை என்பது வாதம். இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்த வடிவத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறது. வைட் நூலகத்தில் தூங்குகிறார். தரம் என்று ஒரு தலைமுறை கட்டும் வேலியை அடுத்த தலைமுறை எப்படித் தாண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஆங்கிலத்தில் குறைவு.

வினையடைக்கு வருவோம். தமிழில் இது தொல்லையே இல்லை. ‘அழகாக நெய்யப்பட்டிருக்கிறது’ என்றால் ‘அழகாக’ வெளியே நிற்கும். ‘நெய்யப்பட்டிருக்கிறது’ என்ற கட்டுக்குள் அதை நுழைக்க முடியாது. ஆங்கிலத்தின் கட்டு தளர்வானது. ‘ஹாஸ் பீன் வோவன்’ என்பதில் இரண்டு இடைவெளிகள். முதல் இடைவெளியில், அதாவது ‘ஹாஸ்’ என்பதற்கு அடுத்து, பேசுகிறவரின் மதிப்பீடும் காலமும் நிற்கும்: ‘ப்ராபப்ளி’, ‘ஆல்வேஸ்’. இரண்டாவது இடைவெளியில், வினையெச்சத்தை ஒட்டி, வேலை நடந்த விதம் நிற்கும்: ‘பியூட்டிஃபுல்லி’, ‘கேர்ஃபுல்லி’. ‘த சாரி ஹாஸ் ப்ராபப்ளி பீன் பியூட்டிஃபுல்லி வோவன்’ என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், இடறாது. இரண்டையும் இடம் மாற்றி ‘ஹாஸ் பியூட்டிஃபுல்லி பீன் ப்ராபப்ளி வோவன்’ என்று சொன்னால் விதி தெரியாதவர் காதிலும் உறுத்தும். நம் பிள்ளைகள் இந்த இடைவெளிகளைக் கண்டால் அஞ்சி, எல்லா வினையடைகளையும் வாக்கியத்தின் வாலில் கட்டிவிடுகிறார்கள். தப்பு என்று சிவப்பு மையால் சுழிக்க முடியாது. ஆனால் அந்த ஆங்கிலம் மடிப்புக் கலையாத புடவை போல விறைப்பாக இருக்கும்.

இன்ஃபினிடிவோடு வினையடை சேரும்போதுதான் பள்ளிகள் பிரிந்து சண்டையிட்டன. ‘டு’ என்பதற்கும் வினைக்கும் நடுவில் வினையடை வரலாகாது என்று 1864இல் கான்டர்பரி தேவாலயத் தலைவர் ஹென்றி ஆல்ஃபர்ட் எழுதினார். அது பள்ளிக்கூடங்களில் வேதவாக்கு ஆயிற்று. 1926இல் ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு அகராதியில் இந்த அச்சத்தை ஐந்து வகை மனிதர்களாகப் பிரித்துக் கேலி செய்தார். அவர் சுட்டிய ஒன்றை நம் ஆசிரியர்கள் சுவரில் எழுதி வைக்கலாம். ‘டு பி கேர்ஃபுல்லி வோவன்’ என்பது பிளந்த இன்ஃபினிடிவே அல்ல. இன்ஃபினிடிவ் என்பது ‘டு பி’. அது முழுசாகத்தான் இருக்கிறது. வினையடை நிற்பது ‘பி’ என்பதற்கு அப்பால். ‘டு கேர்ஃபுல்லி பி வோவன்’ என்றால்தான் பிளவு. இது தெரியாமல் பயந்தவர்கள் ‘கேர்ஃபுல்லி டு பி வோவன்’ என்று எழுதி, செய்யாத குற்றத்துக்கு அபராதம் கட்டுகிறார்கள்.

பிளவே தேவைப்படும் இடமும் உண்டு. டிசைனை அடிக்கடி மாற்றும்படி தறிக்காரர்களிடம் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘த வீவர்ஸ் வேர் டோல்ட் ஃப்ரீக்வென்ட்லி டு சேஞ்ச் த டிசைன்’ என்று எழுதினால், அடிக்கடி சொன்னார்களா, அடிக்கடி மாற்றச் சொன்னார்களா? வினையடை இரண்டு பக்கமும் பார்க்கிறது. ‘வேர் ஃப்ரீக்வென்ட்லி டோல்ட்’ என்றால் சொன்னது அடிக்கடி. ‘டு ஃப்ரீக்வென்ட்லி சேஞ்ச்’ என்றால் மாற்றுவது அடிக்கடி. கூலிக் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. குழப்பத்தைவிடப் பிளவு மேல் என்பதே ஃபௌலரின் தீர்ப்பு. எனக்கும் அதில் மறுப்பில்லை.

எந்த வினை செயப்பாட்டாகி இன்ஃபினிடிவைப் பின்னால் இழுத்துவரும் என்பதை வரிசைப்படுத்திய பெருமை ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பிக்கு உரியது. அவருடைய 1954ஆம் ஆண்டு வழிகாட்டி முழுக்க வினைப் பாங்குகள்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் இதைக் கவனித்தே இருக்க மாட்டார், வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் தடுக்கும். ‘தே மேட் ஹிம் வெயிட்’ என்பதில் ‘டு’ இல்லை. செயப்பாட்டாக்கினால் ‘ஹி வாஸ் மேட் டு வெயிட்’ என்று எங்கிருந்தோ ‘டு’ வந்து ஒட்டிக்கொள்ளும். ‘ஸீ’, ‘ஹியர்’ என்பவற்றுக்கும் அதே கதி. ‘லெட்’ என்பது இந்தப் பேரத்துக்கு வராது. அதற்குப் பதில் ‘அலவ்ட் டு’ என்று வேறு ஆளைக் கூப்பிட வேண்டும். ‘ஹி வாஸ் ஆஸ்க்ட் டு கம்’ செல்லும், ‘ஹி வாஸ் வான்டட் டு கம்’ செல்லாது. இரண்டும் செய்வினையில் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தும் ஒன்று புரளும், மற்றது புரளாது. ஏன் என்று வகுப்பில் கேட்கும் பிள்ளைக்கு, ஆங்கிலேயர் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதற்கு மேல் சொல்ல முயன்றால் மணி அடித்துவிடும்.

நம் பாடப்புத்தக மரபு இந்தப் பக்கமே திரும்பவில்லை. இந்தியாவில் கல்வித்துறை அதிகாரியாக இருந்த நெஸ்ஃபீல்டின் இலக்கணங்கள், பிறகு 1930களின் நடுவில் வந்த ரென் அண்ட் மார்ட்டின், இரண்டும் கற்பித்தது மாற்றும் வித்தை: செய்வினையைச் செயப்பாட்டாக்கு, எழுவாயின் முன் ‘பை’ போடு, மதிப்பெண் வாங்கு. டேனிஷ் அறிஞர் யெஸ்பெர்சன் 1924லேயே ஒரு கணக்கைச் சொல்லியிருந்தார். ஆங்கில இலக்கியத்தில் வரும் செயப்பாட்டு வாக்கியங்களில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டவற்றில் செய்தவன் யார் என்ற பேச்சே இல்லை. ஆக, நாம் தேர்வில் கட்டாயமாகக் கேட்ட ‘பை’ நிஜ ஆங்கிலத்தில் சிறுபான்மை. 1950களின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களே பயிற்சி தந்து பரப்பிய ஸ்ட்ரக்சுரல் முறை வாக்கியப் பாங்குகளை வாயால் பழக்கியது. அது நல்ல காரியம். ஆனால் பரீட்சைத்தாள் மாறாததால் மாற்றும் வித்தை பிழைத்துக்கொண்டது.

ஒழுக்கவாதிகள் பள்ளி ஒன்றும் உண்டு. செய்வினை எழுத முடிந்த இடத்தில் செயப்பாட்டு எழுதாதே என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு கட்டுரையில் விதித்தார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு செயப்பாட்டு, அதன் நடுவில் ஒரு வினையடை, அதுவும் மிகச் சரியான இடத்தில். கேம்பிரிட்ஜ் இலக்கணத்தின் (2002) ஆசிரியர்களில் ஒருவரான புல்லம் இந்த உபதேசிகளை விடாமல் துரத்தி வருகிறார். பாதிப் பேருக்குச் செயப்பாட்டு எது என்றே தெரியவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

உபதேசத்தை நம்பினால் துப்பறியும் நாவல் எழுதவே முடியாது. செய்தவன் யார் என்று கடைசி அத்தியாயம் வரை சொல்லக் கூடாது என்பதுதானே அந்தக் கலை! ‘வாஸ் ஃபவுண்ட் டு ஹாவ் பீன் மர்டர்ட்’ என்ற ஒரு தொடரில் கொலையும் உண்டு, கண்டுபிடிப்பும் உண்டு, இரண்டுக்கும் ஆள் இல்லை. இதைத் தமிழில் கொண்டுவரும் வேலையை நம் ஊர்ப் பெயரைத் தாங்கியவர் ஒருவர் வாழ்நாள் தொழிலாகச் செய்தார். ‘ஆனந்தபோதினி’ ஆசிரியராக இருந்து 1925இல் மறைந்த ஆரணி குப்புசாமி முதலியார், ரெனால்ட்ஸ் முதலியோரின் ஆங்கில நாவல்களைத் தழுவிப் பல நாவல்கள் எழுதியவர். தமிழில் இந்த வேலைக்குப் படுவினை ஒன்றுதான் வழி என்று இல்லை. ‘கொலையுண்டு கிடந்தான்’, ‘நகை களவு போயிற்று’, ‘கதவு உடைந்திருந்தது’ என்று மூன்று வழிகளில் கள்ளனை மறைக்கலாம். மூன்றாவது, தொல்காப்பியர் காட்டிய வழிக்குப் பக்கத்து வீடு.

கடைசியாக இரட்டைச் செயப்பாட்டு. ‘த ஆர்டர் இஸ் சாட் டு பி சேலஞ்ச்ட்’ என்று நம் வழக்கறிஞர்கள் நாள்தோறும் எழுதுகிறார்கள். உத்தரவு எதையும் நாடவில்லை. அதை எதிர்க்க நாடுகிறவர் மனுதாரர். ‘ஸீக்’, ‘அட்டெம்ப்ட்’ போன்ற வினைகளை இப்படி இரட்டிப்பதை ஃபௌலர் 1926லேயே கண்டித்தார். இலண்டனில் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது. இந்திய நீதிமன்றங்களில் செழித்து நிற்கிறது. வழக்கில் பேச்சின் பொருள் உத்தரவுதான் என்பதால் அதை முன்னே நிறுத்த ஒரு வாகனம் வேண்டியிருக்கிறது, ஆகவே மனுவுக்குள் அதை நான் மன்னிப்பேன். நெசவாளர் கூட்டுறவுச் சங்க அறிக்கையில் ‘சங்கத்துக்குப் புதுக் கட்டடம் கட்டப்பட முயலப்படுகிறது’ என்று அதன் தமிழ்ப் பிள்ளை வந்து நின்றால் மன்னிக்க மாட்டேன். ‘சங்கம் புதுக் கட்டடம் கட்ட முயல்கிறது’ என்று எழுதினால் எழுத்தும் மிச்சம், யாரைப் போய்க் கேட்பது என்றும் உறுப்பினருக்குத் தெரியும்.