டிரிக்கரும் சாண்டோவலின் கால்களும்

டெத் மெட்டல் கேட்பவர்கள் நடுவே நெடுநாளாக ஓடும் வழக்கு ஒன்று உண்டு. காலால் உதைத்து வாசிக்கும் பாஸ் டிரம்மில் டிரிக்கர் என்ற மின்கருவியை மாட்டி வாசிப்பவரை நல்ல டிரம்மர் என்று ஒப்புக்கொள்ளலாமா? ஒரு சாரார் அதை ஏமாற்று வேலை என்கிறார்கள். மறு சாரார், அது இல்லாவிட்டால் இந்த இசையில் கால் வாசிப்பே காதில் விழாது என்கிறார்கள். இரு தரப்பிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதியைத் தெரிந்துகொள்ள டிரம்மர் பீட் சாண்டோவலின் இளமைக்கால வாசிப்பைக் கேட்க வேண்டும்.

சாண்டோவல் எல் சால்வடோரில் பிறந்தவர். 1980களின் நடுவில் லாஸ் ஏஞ்சல்ஸில் டெரரைசர் என்ற கிரைண்ட்கோர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒத்திகைப் பதிவுகள் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதியாகி, தபாலில் கடல் தாண்டிய காலம் அது. அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜெஸ்ஸி பின்டாடோ இங்கிலாந்தின் நேபாம் டெத் குழுவினரோடு இப்படித்தான் பழக்கமானார். பின்னால் அதிலேயே போய்ச் சேர்ந்தார். நேபாம் டெத்தின் டிரம்மர் மிக் ஹாரிஸ், 1987-இல் வந்த 'ஸ்கம்' தொகுப்பில் வேகம் என்பதன் எல்லையையே நகர்த்தி வைத்தார். ஸ்நேர் டிரம்மையும் பாஸ் டிரம்மையும் அதிவேகமாக அடித்துத் தள்ளும் வாசிப்புக்கு 'பிளாஸ்ட் பீட்' என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். 'ஸ்கம்' வருவதற்கு ஓராண்டு முன்பு, ஹவானாவில் பிறந்த டேவ் லொம்பார்டோ ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' தொகுப்பில் இரண்டு காலாலும் உதைத்து வாசித்ததை அந்தத் தலைமுறை டிரம்மர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். பங்க்கிலிருந்து கைக்கு வந்த வெறி, லொம்பார்டோ வழியாகக் காலுக்கு வந்த ஓட்டம் என்று இரண்டு வழிகள் திறந்து கிடந்தன. சாண்டோவல் முதலில் நடந்தது பங்க் வழியில்.

1988-இல் புளோரிடாவின் மார்பிட் ஏஞ்சல் குழு அவரை அழைத்தது. அதுவரை அவர் இரண்டு காலாலும் உதைக்கும் இரட்டை பாஸ் வாசித்தவரே இல்லை. சில மாதங்களில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, டாம்பா நகரின் மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். 1989-இல் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' வெளிவந்தது. அதே ஆண்டில், கலைந்துபோயிருந்த டெரரைசரும் அதே கூடத்தில் கூடி 'வேர்ல்ட் டவுன்ஃபால்' தொகுப்பைப் பதிவுசெய்தது. இந்த வகை இசையில் இன்று டிரம்ஸ் படிக்கும் எவரும் தவறவிடக்கூடாத இரண்டு தொகுப்புகள் ஒரே மனிதரின் வாசிப்பில் ஒரே ஆண்டில் வெளிவந்தவை.

'ஆல்டர்ஸ்' தொகுப்பை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். பிளாஸ்ட் பீட் ஓடும்போது ஸ்நேர் முன்னால் நிற்கிறது, கால் அதன் நிழலில் கிடக்கிறது. இரட்டை உதை தொடங்கும்போது முதல் சில அடிகள் கனமாக விழுகின்றன. ஓட்டம் நீள நீள அடிகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஒரு உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்பது அந்தக் கனமும் மெலிவும் மாறி மாறி வருவதிலேயே தெரிகிறது. எனக்கு அந்தத் தொகுப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் ஒரு குறையும் இருப்பதை மறைக்க மாட்டேன். கால் என்ன வாசிக்கிறது என்று பல இடங்களில் ஊகிக்கத்தான் முடிகிறது.

காரணம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 200 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் ஒரு தட்டுக்கு நான்கு உதை என்றால், இரண்டு உதைகளுக்கு நடுவே 75 மில்லிநொடிதான் இடைவெளி. பெரிய பாஸ் டிரம்மின் கார்வை அதற்குள் அடங்காது. முந்தைய அடியின் முழக்கத்தின் மேல் அடுத்த அடி வந்து விழும். போதாக்குறைக்கு, சுருதியை இறக்கிக் கட்டிய கிதாரும் பாஸ் கிதாரும் அதே கீழ்ஸ்தாயியில் உறுமுகின்றன. எவ்வளவு சுத்தமாக உதைத்தாலும் கேட்பவருக்கு ஒரு குமுறல்தான் கிடைக்கும்.

டிரிக்கர் இந்தச் சிக்கலுக்கு வந்த தீர்வு. கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றை பாஸ் டிரம்மின் வளையத்தில் திருகி மாட்டுகிறார்கள். தோல் அதிர்ந்ததும் அது மின்குறி அனுப்பும். பக்கத்திலுள்ள பெட்டி முன்பே பதிவுசெய்த, கூர்மையான ஓர் அடியை ஒலிக்கும். நிகழ்ச்சிக்கு முன் சவுண்ட் இன்ஜினியர் டிரம்மரை உதைக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாலே இதன் குணம் விளங்கிவிடும். உணர்திறனைக் கூட்டினால் பக்கத்து ஃப்ளோர் டாம் அதிர்வுக்கெல்லாம் பாஸ் டிரம் தானாக ஒலிக்கும். குறைத்தால் மென்மையான உதைகள் விட்டுப்போகும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கவே பலர் எல்லா உதையும் ஒரே பலத்தில் ஒலிக்கும்படி பெட்டியைப் பூட்டிவிடுகிறார்கள். என் பார்வையில் கோளாறு தொடங்குவது இந்தப் பூட்டில்தான்.

ஏமாற்று வேலை என்ற குற்றச்சாட்டு நிற்காது. டிரிக்கர் யாருக்காகவும் உதைப்பதில்லை, தாளத்தைத் திருத்துவதுமில்லை. கால் பிந்தினால் பிந்தியது ஊருக்கே கேட்கும். குமுறலுக்குள் ஒளிந்துகொண்டிருந்த தடுமாற்றத்தை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த வகையில் டிரிக்கர் கண்டிப்பான வாத்தியார். உடம்புக்கும் அதனால் நன்மை உண்டு. கனமாக மிதிக்காமலே தெளிவு கிடைப்பதால் கணுக்காலும் இடுப்பும் தப்புகின்றன. இது சிறிய விஷயமல்ல. பல ஆண்டுகள் இந்த இசையை வாசித்த சாண்டோவலே முதுகு அறுவை சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. மார்பிட் ஏஞ்சலின் 2011 தொகுப்பில் அவர் இடத்தில் டிம் யங் வாசித்தார். வாசிப்புதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. முதுகு இல்லாமல் இந்த வாசிப்பு இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

நேரத்தில் காட்டும் இந்தக் கண்டிப்பை டிரிக்கர் பலத்தில் காட்டுவதில்லை. பெட்டியைப் பூட்டிவிட்டால் வலுவடியும் மெல்லடியும் ஒன்றுதான். பெடலை வருடினாலும் சம்மட்டி அடியாக ஒலிக்கும். ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. சாண்டோவலும் பின்னாளில் டிரிக்கர் வைத்து வாசித்தவர்தான். அதற்குள் அவர் கால் பழுத்திருந்தது. அவரைத் தன் முன்னோடியாகச் சொல்லும் கிரேக்க டிரம்மர் ஜார்ஜ் கொல்லியாஸ், நைல் குழுவின் 2005 தொகுப்பான 'அனைஹிலேஷன் ஆஃப் தி விக்கெட்'டில் எட்டிய வேகத்தில், டிரிக்கரின் தெளிவு இல்லாமல் கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. பாதிப்பு பதினாறு வயதில் பெடல் வாங்கும் பையனுக்கும் பெண்ணுக்கும்தான். முதல் நாளிலிருந்தே பூட்டிய பெட்டியோடு பழகும் கால், மெட்ரோனோம் எண்ணை ஏற்றுவதையே பயிற்சியாக எடுத்துக்கொள்கிறது. 220, 240 என்று எண் ஏறும். உதையில் பலம் ஏறாது. டிரிக்கர் இல்லாத சிறு மேடையில் ஒரு மைக்கை மட்டும் வைத்து வாசிக்கச் சொன்னால் அந்தக் கால் காணாமல் போய்விடும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றின் மேல். ஒலிப்பதிவு முடிந்தபின் கணினியில் ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் நகர்த்தி, அசல் ஓசையை எடுத்துவிட்டு எல்லோரும் வாங்கும் அதே சாம்பிளை வைக்கும் பழக்கம் அது. டிரிக்கர் மிச்சம் வைத்திருந்த நேரப் பிசகையும் இது துடைத்துவிடுகிறது. நாலு குழுக்களின் தொகுப்புகளை அடுத்தடுத்துக் கேட்டால் யார் வாசித்தது என்று சொல்ல முடிவதில்லை. இந்தப் பாவத்தையும் சேர்த்து டிரிக்கரின் தலையில் கட்டுவது அநியாயம்.

ஆகவே டிரிக்கரை மேடையில் வைத்துக்கொள்ளட்டும், பயிற்சி அறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்பேன். மேடையிலும் பலத்தைப் பூட்டாமல் வைப்பது நல்லது. அதற்குக் கூடுதல் நேரம் கேட்கும் டிரம்மரிடம் இன்ஜினியர்கள் முகம் சுளிக்கக்கூடாது. கால் பழுத்ததா என்று சோதிக்க வேகமான பாட்டும் வேண்டாம். மார்பிட் ஏஞ்சலின் 1993 தொகுப்பான 'கவனன்ட்'டில் 'காட் ஆஃப் எம்ப்டினஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. நத்தை வேகம். அடிக்கும் அடிக்கும் நடுவே தாராளமாக இடம் கிடக்கிறது. டிரிக்கரைக் கழற்றிவிட்டு அதை முதலிலிருந்து கடைசிவரை கனம் குறையாமல் வாசிக்கட்டும். அது வந்த பிறகு 240-ஐப் பற்றிப் பேசலாம்.