பெயரற்ற வாகனம்: ஜெரமி டெல்லரின் கலையும் சாட்சியத்தின் உரிமையும்

பக்தாதின் அல்-முதநப்பி வீதி நூல்களின் வீதி. நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டின் பெருங்கவிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அவ்வீதியில், 2007 மார்ச் 5ஆம் நாள், வெடிமருந்து நிரப்பிய வாகனமொன்று வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புத்தகக் கடைகள் எரிந்தன. தலைமுறை தலைமுறையாக எழுத்தாளரும் வாசகரும் கூடிய ஷாபந்தர் தேநீர்க்கடை சிதைந்தது. அதன் உரிமையாளர் தம் புதல்வர் நால்வரையும் பேரர் ஒருவரையும் அன்று இழந்தார். அவ்வீதியில் நசுங்கித் துருவேறிக் கிடந்த கார் ஒன்று பின்னர் கடல் கடந்தது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் இழுத்துச் செல்லப்பட்ட அது, இறுதியில் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. இப்பயணத்திற்குக் காரணமானவர் ஜெரமி டெல்லர் என்னும் ஆங்கிலக் கலைஞர்.

1966இல் லண்டனில் பிறந்து, 2004இல் டர்னர் பரிசு பெற்ற டெல்லர், தூரிகையையோ உளியையோ தம் முதன்மைக் கருவியாகக் கொண்டவரல்லர். மனிதரை ஓரிடத்தில் கூட்டுவதும், அவர்களைப் பேசவோ இசைக்கவோ செய்வதும், நிகழ்ந்ததை மீண்டும் நிகழ்த்திக் காட்டுவதுமே அவரது கலை. அரச வன்முறை, தொழிலாளர் எதிர்ப்பு, இளையோரின் இசைப் பண்பாடு ஆகிய மூன்றும் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இத்தகைய கலையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? அழகியல் நேர்த்தி மட்டும் அதற்குப் போதாது. வன்முறைக்கு ஆளானோரின் சாட்சியத்தை அது அவர்களிடமே மீட்டளிக்கிறதா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். இவ்வளவுகோலை டெல்லரின் ஆக்கம் ஒன்றிலிருந்தே நாம் பெற முடிகிறது.

1984 மார்ச்சில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்தது. அவ்வாண்டு ஜூன் 18ஆம் நாள், தெற்கு யார்க்‌ஷயரின் ஓர்கிரீவ் கற்கரி ஆலைக்கு முன் ஆயிரக்கணக்கான தொழிலாளரும் ஆயிரக்கணக்கான காவலரும் எதிரெதிரே நின்றனர். குதிரைப்படை தொழிலாளர் மீது ஏவப்பட்டது. அன்று மாலை பிபிசி செய்தியில் காட்சிகள் வரிசை மாறி ஒளிபரப்பாயின. தொழிலாளர் கல்லெறிந்த பின்னரே குதிரைகள் பாய்ந்தன என்ற தோற்றம் நாடெங்கும் பரவிற்று. அது தவறுதலாக நேர்ந்தது என்று நிறுவனம் பின்னாளில் விளக்கமளித்தது. 95 பேர் மீது கலகம் உள்ளிட்ட கடுங்குற்றங்கள் சுமத்தப்பட்டன. காவலரின் சான்றுகள் நம்பத்தகாதவை என வெளிப்பட்டதும் 1985இல் வழக்கு சரிந்து வீழ்ந்தது. 1991இல் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடாக வழங்கப்பட்டது. ஆயினும் காவலர் எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. தடியடியால் தலை உடைந்தவனே கலகக்காரன் எனப் பதிவாகி, அப்பதிவே வரலாறாகவும் நின்றுவிட்டது.

2001 ஜூன் 17ஆம் நாள் டெல்லர் இம்மோதலை அதன் களத்தருகே மீண்டும் நிகழ்த்தினார். ஆர்ட்ஏஞ்சல் அமைப்பு இதற்குத் துணைநின்றது. மைக் ஃபிக்கிஸ் இதைப் படமாக்கினார். பங்கேற்ற ஏறத்தாழ எண்ணூறு பேருள், பழம்போர்களை நடித்துக் காட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட கழகத்தினர் ஒரு பகுதியினர். 1984இல் அங்கு உண்மையிலேயே அடிபட்ட தொழிலாளர் மற்றொரு பகுதியினர். முன்னாள் சுரங்கத் தொழிலாளர் சிலர் காவலர் உடையணிந்து எதிர்ப்பக்கம் நின்றதும் உண்டு. ஆங்கிலேயர் தம் பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை விடுமுறை நாள்களில் வண்ண உடை தரித்து நடித்து மகிழ்வர். அவ்வரிசையில் ஓர்கிரீவை நிறுத்தியதன் வாயிலாக, அதுவும் ஓர் உள்நாட்டுப் போரே என்று டெல்லர் சொல்லாமற் சொல்கிறார். அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. காட்சிகள் எந்த வரிசையில் நிகழ்ந்தன என்பதை இம்முறை தொலைக்காட்சி தீர்மானிக்கவில்லை. களத்தில் நின்றவர்களின் நினைவே தீர்மானித்தது. அவர்கள் இங்குக் கலைஞனின் கச்சாப்பொருளாகக் குறுகிவிடாமல், தம் வரலாற்றைத் தாமே உரைக்கும் சாட்சிகளாக நிமிர்ந்தனர்.

இசை குறித்த அவரது ஆக்கங்களும் இந்நினைவின் தொடர்ச்சியே எனலாம். சுரங்க ஊர்களிலும் ஆலை நகரங்களிலும் வேரூன்றிய பித்தளை வாத்தியக் குழுக்கள் வட இங்கிலாந்துத் தொழிலாளர் வாழ்வின் பெருமிதச் சின்னங்கள். 1997இல் ஸ்டாக்போர்ட்டின் வில்லியம்ஸ் ஃபேரி குழுவை ஆசிட் ஹவுஸ் இசையை வாசிக்கச் செய்து, ‘ஆசிட் பிராஸ்’ என்னும் நிகழ்வை டெல்லர் உருவாக்கினார். கறுப்பின இளைஞர்களின் சிகாகோ நகரக் கூடங்களில் பிறந்த அவ்விசை, 1980களின் பிற்பகுதியில் பிரித்தானிய இளையோரைப் பெருந்திரளாக ஈர்த்தது. முதியோரின் ஊதுகுழலுக்கும் இளையோரின் மின்னிசைக்கும் என்ன உறவு? ‘உலகின் வரலாறு’ என்று தலைப்பிட்ட சுவர் வரைபடத்தில், வேலைநிறுத்தம், மக்கள் கொந்தளிப்பு, ஊடகங்களின் பீதி ஆகிய கண்ணிகளின் வழியே இவ்விரண்டையும் அவர் கோடிட்டு இணைத்தார். தொழில் அழிந்த நகரங்களில் வெறுமையாகிப்போன கிடங்குகளிலேயே ரேவ் கூட்டங்கள் நடந்தன என்பதை நோக்குமிடத்து, இவ்விணைப்பு வெறும் கற்பனை விளையாட்டன்று என்பது புலப்படும். திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தையே இலக்கணமாக வரையறுத்து, அத்தகைய இசை ஒலிக்கும் இரவுக் கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டுச் சட்டம் காவல்துறைக்கு வழங்கியது. பத்தாண்டுக்கு முன் ஆலை வாயிலில் திரண்டோரைக் கலைத்த அரசு, இப்போது இசைக்குத் திரண்டோரைக் கலைக்கச் சட்டம் இயற்றியது. 2018இல் வெளியான படமொன்றில் டெல்லர் இவ்வரலாற்றை லண்டன் பள்ளி வகுப்பறையொன்றில், பல இனப் பின்னணி கொண்ட மாணவருக்குப் பாடமாக எடுத்துரைக்கிறார்.

இனி பக்தாதின் வாகனத்திற்கு மீள்வோம். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்கு மூலைப் பீடங்களுள் இரண்டில் சிந்து மாகாணத்தை 1843இல் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியரும், 1857 எழுச்சியை ஒடுக்கிய படைத்தலைவர்களுள் ஒருவரான ஹேவ்லாக்கும் சிலையாக நிற்கின்றனர். நெடுங்காலம் வெற்றிடமாயிருந்த நான்காம் பீடம் இன்று தற்காலக் கலைப் படைப்புகளுக்கு மாறிமாறி வழங்கப்படுகிறது. ஈராக்கில் சிதைந்த கார் ஒன்றை அப்பீடத்தில் நிறுத்தலாம் என்று 2008இல் டெல்லர் முன்மொழிந்தார். பேரரசின் தளபதிகளுக்கு நடுவே பேரரசுப் போரின் எச்சம் என்னும் அக்கருத்து தெரிவு செய்யப்படவில்லை. இன்றளவும் அது ஓர் இழப்பென்றே நமக்குத் தோன்றுகிறது.

மறு ஆண்டில், நியூயார்க்கின் நியூ மியூசியம், கிரியேட்டிவ் டைம் ஆகியவற்றின் ஆதரவில், அல்-முதநப்பி வீதியின் காரை வண்டியொன்றில் பூட்டி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை அவர் கொண்டுசென்றார். ஈராக்கிய ஓவியர் ஈஸாம் பாஷாவும், ஈராக்கில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர் ஜொனதன் ஹார்வியும் உடன் சென்றனர். ஊர்தோறும் வண்டி நின்றது. வழிப்போக்கர் வந்து கேட்டனர். இவ்விருவரும் மறுமொழி கூறினர். முழக்கமில்லை, கண்டனச் சுவரொட்டியும் இல்லை. ‘உள்ளது உள்ளபடி’ என்ற பொருள்படும் தலைப்பு மட்டுமே இருந்தது.

இவ்வடக்கத்தை மெச்சுவோர் உளர். பரப்புரை என்று ஒதுக்கிவிட எவருக்கும் இடமளியாமல், போரை ஆதரித்தவரையும் அந்தச் சிதைவின் முன் நிறுத்தியது இம்முயற்சியின் வெற்றி என்பது அவர்தம் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. தொலைக்காட்சியில் போரைக் கண்டு பழகிய ஒரு சமூகம் அதன் எச்சத்தைக் கையால் தொட்டது சிறு செய்தியன்று. எனினும் ஓர்கிரீவின் அளவுகோலை இங்கு வைத்துப் பார்க்கும்போது குறை துலங்குகிறது. ஓர்கிரீவில் அடிபட்டவர் பேசினார். இங்கோ வண்டி மட்டுமே வந்தது, வீதி வரவில்லை. ஈஸாம் பாஷாவின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் ஒரு தேசத்தின் சார்பில் ஒரு மனிதர் மறுமொழி கூறுவதும், நூற்றுக்கணக்கானோர் தம் காயத்தைத் தாமே எடுத்துரைப்பதும் ஒன்றாகா. தம் நாட்டுத் தொழிலாளர்பால் டெல்லர் காட்டிய பொறுமையில் பாதியேனும் அப்புத்தக வணிகர்பால் காட்டியிருந்தால், வாகனத்துடன் அவர்களது குரலும் கடல் கடந்திருக்கும்.

2008ஆம் ஆண்டு முன்மொழிவின் துணைத்தலைப்பு அச்சிதைவை ‘அறியப்படாத குடிமகனுக்கான நினைவுச்சின்னம்’ என்று குறித்தது. போரில் உடல் அடையாளம் தெரியாது போன வீரனை ‘அறியப்படாத வீரன்’ எனப் போற்றுவது ஐரோப்பிய மரபு. பக்தாதில் மாண்டோர் அவ்வாறு அறியப்படாதவர்களா? அவர்களுக்குப் பெயர் இருந்தது, கடை இருந்தது, அவர்களைத் தேடிவந்த வாசகர் இருந்தனர். கேட்கப்படாத பெயரை அறியப்படாத பெயர் என்பது, அறியாமையின் பொறுப்பை இறந்தவர்மீதே ஏற்றுவதாகும். நல்லெண்ணம் கொண்ட கலைஞனும் வழுக்கி விழும் இடம் இது.

2010 முதல் அவ்வாகனம் போர் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. விமானங்களும் பீரங்கிகளும் நிறைந்த அவ்விடத்தில், எவரையும் கொல்லாத ஒரு பொருள் போரின் சான்றாக ஏற்கப்பட்டது பெரிதே. ஆயினும் அது இன்னும் பாதிச் சான்றுதான். ஓர்கிரீவ் குறித்துச் சட்டப்பூர்வ விசாரணை நடத்தப்படும் என்று பிரித்தானிய அரசு அறிவிக்க 2025 வரை, அதாவது 41 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அதனை ஈட்டியது கலையன்று, தளராமல் கேட்டுக்கொண்டே இருந்த மக்கள்; எனினும் அந்நினைவு அணையாமற் காத்ததில் 2001ஆம் ஆண்டின் அந்த ஒரு நாளுக்கும் பங்குண்டு. ஷாபந்தர் தேநீர்க்கடை மீண்டும் எழுந்தது. அதன் சுவரில் உரிமையாளரின் புதல்வர்களுடைய உருவப்படங்கள் தொங்கின. அரபியில் சாட்சி கூறுபவரைக் குறிக்கும் ‘ஷாஹித்’ என்னும் சொல்லும், உயிரீந்தவரைக் குறிக்கும் ‘ஷஹீத்’ என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. லண்டனில் நிற்கும் இரும்பும் பக்தாதின் சுவரில் தொங்கிய முகங்களும் ஓரிடத்தில் சேரும் நாளில்தான் டெல்லர் தொடங்கிய பணி நிறைவெய்தும்.