நீலம் பூத்த சுண்ணாம்புக்கல்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். நீலம்! திரும்பிய பக்கமெல்லாம் நீலம்! பாறைச் சில்லை மெலிதாகத் தேய்ப்பதற்கு முன் அதற்குள் நீலப் பிசினை இறக்குவார்கள். துளை உள்ள இடமெல்லாம் நீலமாகத் தெரியும். எண்ணெய் குடியிருந்த அறைகள் அவை. மும்பை ஹை எண்ணெய் வயலின் எல்-3 என்ற சுண்ணாம்புக்கல் அடுக்கை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில், 1974இல் சாகர் சம்ராட் என்ற துரப்பண மேடை துளையிட்டு எண்ணெய் கண்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. அது ஊரறிந்த கதை. என்னைக் கட்டிப்போட்ட கதை கடலடியில் இருக்கிறது.

மயோசின் காலத்தின் முற்பகுதி. ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். சுண்ணப் பாசிகளும் ஃபோராமினிஃபெரா என்ற ஓரணு உயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. இடையிடையே சேறு வந்து மூடியது, அதுதான் ஷேல். கடல் பின்வாங்கிய காலங்களில் அந்தக் கடலடி மேடு வெளியே தலைகாட்ட, மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துப் பொந்து பொந்தாக்கியது. பிறகு மறுபடி கடல், மறுபடி ஓடுகள். நம் வீட்டுச் சுவருக்குக் கிளிஞ்சலைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுத்தோம்? அதே சரக்கு, மழையே கொத்தனாராக வேலை பார்த்திருக்கிறது!

எண்ணெய்க் கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த பாறை உருளைகளை, அதாவது கோர்களை, தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்தேன். சாம்பல் பூத்துக் கிடந்த கல்லில் ஓடுகள் பளிச்சென்று எழுந்து வந்தன. அமிலம் ஒரு சொட்டு விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. கொஞ்சம் தள்ளி ஒரு மெல்லிய கருங்கோடு, ஷேல். அமிலத்துக்கு அசையவே இல்லை.

அந்தக் கோட்டைத்தான் நான் கொண்டாடுகிறேன். மேலே ஓர் எண்ணெய் அடுக்கு, கீழே ஓர் எண்ணெய் அடுக்கு. கோடு இடையறாமல் நீண்டால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எண்ணெயைத் தள்ளக் கடல்நீரைச் செலுத்தும்போது, நீர் எளிதான வழியைப் பிடித்துக்கொள்ளும். துளைகள் நன்றாக இணைந்த அடுக்கில் விறுவிறுவென்று ஓடி உற்பத்திக் கிணற்றுக்குள் வந்துவிடும். பக்கத்து இறுகிய அடுக்கில் எண்ணெய் அப்படியே தங்கிவிடும். அடுக்கைப் படிக்காமல் மொத்தமாகச் சராசரி போட்டால் இது எதுவுமே தெரியாது.

ஆனால் அந்தக் கோடு அடுத்த கிணறு வரை போகிறதா? கிணற்றின் ஆழம் நெடுகப் பாறையின் காமா கதிர்வீச்சை வளைகோடாகப் பதிந்த லாக் தாள்களை விரித்தோம். ஷேலில் பொட்டாசியமும் தோரியமும் கூடுதல் என்பதால் அங்கே வளைகோடு வலப்பக்கம் துள்ளும். முதல் கிணற்றில் துள்ளல். இரண்டாவதிலும் துள்ளல். மூன்றாவது தாளை நகர்த்திப் பொருத்திப் பொருத்திப் பார்த்தேன், கை நடுங்கியது. அதோ, அதே துள்ளல்! சிவப்புப் பென்சிலால் மூன்றையும் இணைத்துக் கோடு இழுத்தேன். கிலோமீட்டர் கணக்கில் பரந்து கிடந்த ஒரு பழைய கடலடிச் சேறு, மேசைமேல் என் கைக்குக் கீழே இருந்தது.