நகரபிதா மந்திரியானார்

புல்பேர் யூலுவைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அவருடைய அங்கியில் தொடங்கி அங்கியிலேயே முடித்துவிடுகின்றனர். குருத்துவ அங்கியைப் பாரிசில், தியோர் தையலகத்தில் தைப்பித்து அணிந்தார் என்ற கதை ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கு நல்ல தீனியாயிற்று. நாமும் சிரிக்கலாம், ஆனால் சிரிப்பு விமர்சனமாகாது. பிரசாவில் நகரத்து ஏழை மக்கள் தாமே தோளில் தூக்கிய ஒருவரை, ஏழாண்டு நிறையுமுன் தாமே துரத்தியது ஏன் என்பதன்றோ கேட்கவேண்டிய கேள்வி?

பிரசாவில், பிரெஞ்சு மத்திய ஆபிரிக்கா முழுவதற்கும் தலைநகராயிருந்த நகரம். நடுவே வெள்ளையர் வாசம். இரு புறமும் பொட்டோ-பொட்டோ, பக்கொங்கோ என்னும் கறுப்பர் குடியிருப்புகள். பக்கொங்கோவின் லாரி மக்கள் ஒரு விந்தையான எதிர்ப்பை நடத்தி வந்தனர். 1926இல் பாரிசிலே ஆபிரிக்கர் சங்கமொன்றை நிறுவிய அந்திரே மட்சுவா 1942இல் சிறையில் இறந்தார். மக்கள் அதனை நம்பவில்லை. 1945க்குப் பின் நடந்த தேர்தல்களில் இறந்த அம் மனிதருக்கே வாக்களித்தனர். இதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர், ஆட்சியாளர் நீட்டிய வாக்குச் சீட்டை அவர்கள் அவ்வாறுதான் நிராகரித்தனர் என்பதைக் காணாதவர். 

அந்த வெற்றிடத்திலேதான் யூலு வந்து நின்றார். 1956 ஜனவரியில் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். திருச்சபை தடை விதித்தது. அவர் அங்கியைக் களையவில்லை. தேர்தலில் தோற்றார், ஆனால் மேலிடத்தின் தண்டனைக்கு ஆளான குருவானவரிடம் லாரி மக்கள் மட்சுவாவின் சாயலைக் கண்டனர். அவ்வாண்டு நவம்பரில் அவர் நகரபிதாவானார். (அயலிலே, பாங்கி நகரத்திலும் அதே ஆண்டு நகரபிதாவான பொகண்டாவும் குருத்துவத்தினின்று வந்தவரே. கல்வி பெறுவதற்குக் குருமடத்தையன்றி வேறு வாயில் அதிகம் திறவாத நாடுகள் அவை.)

1957இல் அமைந்த ஆட்சிச் சபையில் அவர் விவசாய மந்திரி. இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். பிரான்சு 1956இல் இயற்றிய சட்டம் மந்திரிப் பதவிகளை வழங்கிற்று. நாணயத்தையும் படையையும் வெளியுறவையும் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டது. நகரபிதாவாயிருந்தபோது வேலையற்ற இளைஞனின் முறையீட்டை அவர் நேரிற் கேட்டிருக்கலாம். மந்திரியானபின் கொடுப்பதற்கு அவரிடம் இருந்தவை பதவிகளே. அவற்றை வேண்டியவர்க்குக் கொடுத்தார். 1958 நவம்பரில், எதிரணியிலிருந்து ஒருவர் கட்சி மாறியதால் கிடைத்த ஒரே வாக்கின் பலத்தில் பிரதம மந்திரியானார். தலைநகர் பொயன்ட் நுவாரிலிருந்து பிரசாவிலுக்கு மாறிற்று. அடுத்த பெப்ரவரியில் இரு குடியிருப்புகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அதே 1959இல், தம் ஆட்சிக்குப் பணிய மறுத்த மட்சுவா பக்தர்களையே அவர் ஒடுக்கினார். எவருடைய பெயரால் வந்தாரோ, அவருடைய அடியார்களை!

பின்னைய கதை விரைவிற் சொல்லத்தக்கது. 1960 ஓகஸ்ட் 15இல் சுதந்திரம், யூலு ஜனாதிபதி. ஆற்றுக்கு அக்கரையில், கட்டங்காவைப் பிரித்தெடுக்க முனைந்த சோம்பேக்குத் துணை. குயிலு ஆற்றில் மாபெரும் அணை எழும், அலுமினிய ஆலை எழும் என்று ஆண்டுதோறும் வாக்குறுதி, அணை எழவில்லை. வேலையின்மை மட்டும் வளர்ந்தது. 1963 ஓகஸ்டில், நாட்டில் ஒரே கட்சிதான் என்று ஆக்க அவர் முனைந்தபோது தொழிற்சங்கங்கள் 13ஆந் தேதி பொது வேலைநிறுத்தம் செய்தன. மக்கள் சிறைக்கூடத்தை உடைத்தனர். யூலு பாரிசுக்குத் தொலைபேசியில் உதவி கேட்டார். பிரெஞ்சுப் படை அவரைக் காக்க முன்வரவில்லை. 15ஆந் தேதி, சுதந்திரத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவன்று, பதவி துறந்தார்.

இதனை இனப்பூசல் என்று விளக்குவோர் உளர். வேலைநிறுத்தம் செய்தவர் ஓர் இனத்தவர் அல்லர். பின்வந்த மசம்பா டெபாவும் யூலுவைப் போலவே கொங்கோ இனத்தவர். நம்மிற் சிலர் இதனைப் பூரணப் புரட்சி என்று கொண்டாடியதும் பொருந்தாது. மசம்பா டெபா யூலுவின் மந்திரிசபையிலேயே இருந்தவர். அவரையும் 1968இல் படையினர் இறக்கினர். எழுந்த மக்கள் தம் மூன்று நாட்களுக்கு இட்ட பெயர்கூட 1830இன் பாரிசிலிருந்து வந்ததே.

1965இல் யூலு ஆறு கடந்து தப்பினார். 1966இல் பாரிசில் அவருடைய நூல் வெளிவந்தது. பெயர், ‘சீனாவைக் குற்றஞ்சாட்டுகிறேன்’. ஆபிரிக்காவின் துன்பத்துக்கெல்லாம் பீக்கிங் காரணமாம். பிரசாவில் அரசு மக்கள் சீனத்துடன் தூதுறவு கொண்டது 1964 பெப்ரவரியில். அதாவது அவர் வீழ்ந்து ஆறு மாதங்களின் பின். தம்மை வீழ்த்திய வேலையற்றோரைக் குற்றஞ்சாட்ட அவருக்கு நாவெழவில்லை போலும். 1972இல், பிராங்கோவின் ஸ்பெயினில், மட்ரிட் நகரத்திற் காலமானார்.