யாருக்கான மேற்பார்வை?

'நல்ல நிர்வாகம்' என்கிற சொல்லாடலுக்குத் தெரிந்த மனிதர்கள் இரண்டே பேர்: இயக்குநர், பங்குதாரர். முன்னவர் ஒழுங்காக மேற்பார்த்தாரா, பின்னவரின் பங்கு மதிப்பு ஏறியதா என்பதோடு அதன் கேள்விகள் தீர்ந்துவிடும். இந்த அளவுகோலில் பாங்க் ஆஃப் மதுரா தேறிவிடும். 1943இல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் நிறுவிய அவ்வங்கி, லாபத்தில் இருக்கும்போதே 2001 மார்ச்சில் ஐசிஐசிஐ வங்கியுடன் இணைக்கப்பட்டது. ஒரு பங்குக்கு ஈடாக இரண்டு பங்குகள். பங்குதாரருக்கு என்ன குறை?

ஆனால் வங்கி ஓடுவது பங்கு முதலில் அல்ல, டெபாசிட்டில். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சிறுகச் சிறுகப் போட்டு வைத்தவர்களுக்கும், சுயஉதவிக் குழுவாகக் கூடிக் கடன் வாங்கிக் கட்டிய பெண்களுக்கும் பொதுக்கூட்டத்தில் ஓட்டுக் கிடையாது. 'ஒங்கள யாரு கேட்டா?' என்பதே கம்பெனிச் சட்டம் அவர்களுக்குச் சொல்லும் பதில்.

பங்குதாரர் விழித்துக்கொண்டால் போதும் என்பார்கள். கரூரின் லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 செப்டம்பரில் விழித்தார்கள். ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு விலக்கினார்கள். நவம்பரில் வங்கி டிபிஎஸ்ஸிடம் போனது. அவர்களுடைய பங்குகள் பூஜ்யமாயின. டெபாசிட் தப்பியது உண்மை. அதற்குமுன் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் நின்றதும் டெபாசிட் போட்டவர்கள்தான்.

ஒன்று லாபக் கதை, மற்றது நாசக் கதை. இரண்டிலும் அவர்கள் கதவுக்கு வெளியே. நான் கேட்பது புதுமையல்ல. 1970இன் வங்கி தேசியமயச் சட்டம் ஊழியர், டெபாசிட்தாரர், விவசாயி, தொழிலாளி, கைவினைஞர் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கு இயக்குநர் குழுவில் இடம் சொன்னது. தனியார் வங்கிக்கு மட்டும் அது ஏன் ஆகாது? 'சுயேச்சை இயக்குநர்' எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். யாரிடமிருந்து சுயேச்சை, யாருக்குப் பதில் சொல்ல என்பதல்லவா முதல் கேள்வி?