புலித்தோலும் பட்டும்: புதுமைப்பித்தனின் கிண்டல் எங்கே போகிறது?

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் ரயிலேறினால் நெல்லிக்குப்பம் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர். 1906-இல் புதுமைப்பித்தன் பிறந்த ஊர். அதே பாதையில் இன்னும் தெற்கே போனால் சிதம்பரம். அதற்காக அவரை 'நம்ம ஊர்க்காரர்' என்று கொண்டாடுவது கொஞ்சம் ஜாஸ்திதான். அப்பாவின் தாசில்தார் உத்தியோகம் குடும்பத்தை இங்கே கொண்டுவந்தது. அந்த நக்கல் பேச்சு திருநெல்வேலிச் சரக்கு.

நம்பிக்கை வறட்சி எழுத்தாளர் என்பது அவர்மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. அவருடைய கிண்டல் யார்மேல் விழுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சமகால ஆங்கில நையாண்டி நாவலாசிரியர் ஈவ்லின் வாவை எடுத்துக்கொள்வோம். அவருடைய 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் டஸ்ட்' 1934-இல் வந்தது. புதுமைப்பித்தன் மணிக்கொடியில் எழுத ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். வாவின் நாயகன் டோனி லாஸ்ட், மனைவியைப் பறிகொடுத்து, தென் அமெரிக்கக் காட்டில் சிக்கி, ஒரு முரட்டுக் கிழவனுக்கு டிக்கன்ஸ் நாவல்களை வாசித்துக்காட்டியே காலம் தள்ளுகிறான். கச்சிதமான கொடூரம். நாம் சிரிக்கிறோம், அவனைத் தூக்கிவிட ஆசிரியர் கை நீட்டுவதில்லை.

'பொன்னகர'த்திலும் கொடூரம் உண்டு. அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால்கஞ்சி வைக்கக் காசில்லாத அம்மாளு, அதற்காகத் தன்னையே விற்கிறாள். ஆனால் அவள்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அடி முழுக்க, கற்பைப் பற்றி உபதேசம் செய்யும் நமக்குத்தான்.

1943-இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இன்னும் நுட்பமானது. பட்டணத்துக்கு வந்த கடவுளிடமே வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார் பிள்ளை. பிழைக்கத் தெரிந்த மனுஷன்தான். ஆனாலும் அவர்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. பிழைப்புக்காகக் கடவுள் ஆடிக்காட்டும்போது திவான் பகதூருக்கு அது பிடிக்கவில்லை. புலித்தோல் நிஜப் புலித்தோல், பாம்பு நிஜப் பாம்பு, சாஸ்திரத்துக்கு ஒத்துவராதாம்! தில்லையில் ஆடுகிறவருக்கே தேர்வில் தோல்வி. இந்தச் சிரிப்பில் பக்திக்குச் சேதமில்லை. கலையைக் கட்டிக் காப்பதாக நினைக்கும் ரசிகமணிகளுக்குத்தான் சேதம்.

எல்லாக் கதையிலும் இது கைகூடியது என்று சொல்லமாட்டேன். 'நாரத ராமாயண'த்தில் கிண்டல் இருக்கிறது, மனுஷாள் குறைவு. சரித்திரத்தைச் சாட ராமாயணம் ஒரு சாக்காகிவிடுவதால் சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

கந்தசாமிப் பிள்ளை கதை அலுக்காததற்குக் காரணம் வள்ளி. பிள்ளையின் அந்தச் சின்னப் பெண்ணுக்கு, வந்தவர் கடவுளா கடன்காரரா என்ற விசாரமே கிடையாது. விளையாட ஆள் கிடைத்தது, போதும். அவளிடம் வந்ததும் ஆசிரியரின் கத்தி உறைக்குள் போய்விடுகிறது. எந்த இடத்தில் கேலியை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரை நம்பிக்கையற்றவர் என்று எப்படிச் சொல்வது?