கோடுகளை அழிக்கும் அவசரம்

பழைய கேசட்டை 4கே-யில் மீட்டுத் தருகிறோம் என்கிற விளம்பரம் பெருநகரத்தோடு நிற்கவில்லை. சிற்றூர் ஸ்டுடியோ வரை வந்துவிட்டது. கமுதி முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழா, பசும்பொன் குருபூஜை, ஊர்க் கல்யாணம், காதுகுத்து என்று வீட்டுப் பரணில் கிடந்த வி.எச்.எஸ்., மினி டி.வி. கேசட்டுகள் கம்ப்யூட்டருக்குள் ஏறுகின்றன. அகலத் திரைக்கு இழுக்கப்பட்டு, வழவழப்பான முகங்களோடு யூடியூபில் வெளிவருகின்றன. படம் ஏன் இப்படி மங்கி இழுபடுகிறது, சிலம்பம் சுற்றுகிறவர் கையில் ஏன் இரண்டு கம்பு தெரிகிறது என்று கேட்டால் ஒரே பதில்தான் கிடைக்கும்: ‘பழைய டேப், அவ்வளவுதான் வரும்.’ இந்தப் பதில் தவறு. டேப்பின் மேல் சுமத்தப்படும் குறைகளில் பெரும்பகுதி, ரெண்டர் கொடுப்பதற்கு முன் எடிட்டிங் மென்பொருளில் எடுக்கப்படும் இரண்டு மூன்று முடிவுகளில் பிறந்தவை.

இந்த வேலை நடப்பதே நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. வி.சி.ஆர். தயாரிப்பைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016-ல் அதை நிறுத்திவிட்டது. கேசட் பூஞ்சை பிடிக்கும். ஓட்டிப் பார்க்கும் டெக் இன்னும் எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இறந்துபோன தாத்தாவின் முகத்தைக் கொஞ்சம் தெளிவாகப் பார்த்துவிட்டால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நிறைவைச் சிறிதாக நினைக்கக் கூடாது. நிறத்தைச் சரிசெய்வதிலும் இரைச்சலைக் குறைப்பதிலும் இன்றைய மென்பொருள்கள் உண்மையிலேயே திறமையானவை. என் மறுப்பு ஓரிடத்தில்தான். அந்த ஓரிடம் மற்ற எல்லாவற்றையும் கெடுக்கிறது.

கம்ப்யூட்டரில் பழைய வீடியோவை நிறுத்திப் பார்த்தால் நகரும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். எடிட் செய்கிறவர் முதலில் பார்ப்பது இதைத்தான்; உடனே இதை அழிக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறார். ஆனால் இது டேப் தேய்ந்ததால் வந்த கோடு அல்ல. இந்தியா எடுத்துக்கொண்ட 625 கோட்டுத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. அலைவரிசையின் இடத்தை மிச்சம் பிடிக்க 1930களில் உருவான ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒற்றைப்படைக் கோடுகள் ஒன்று, இரட்டைப்படைக் கோடுகள் மற்றொன்று. வீடியோ கேமரா இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி விட்டு எடுக்கிறது. ஆகவே கேசட்டில் நொடிக்கு 25 படங்கள் இருப்பதாக நினைப்பது பிழை; 50 வேறு வேறு கணங்கள் இருக்கின்றன. பழைய குழாய்த் தொலைக்காட்சி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது, அதனால் கோடு தெரியவில்லை. இன்றைய திரை இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிறது, அதனால் தெரிகிறது. அசையாத கோயில் சுவரில் கோடு இல்லை, ஆடுகிறவர் கையில் மட்டும் இருக்கிறது என்றால் டேப் நன்றாக இருக்கிறது என்று பொருள். அங்கே இரண்டு கணங்கள் பத்திரமாகப் பதிவாகியிருக்கின்றன.

அந்த இரண்டு கணங்களை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். திருவிழாவில் கம்பு சுற்றும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கம்பின் நுனி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்தால், ஒரு ஃபீல்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அது 20 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். படத்தின் 720 புள்ளி அகலத்தில் 4 மீட்டர் தரை அடங்குகிறது என்றால், அந்த நகர்வு 36 புள்ளி. மென்பொருளில் ‘பிளெண்ட்’ என்கிற வசதியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு ஃபீல்டுகளும் பாதிப்பாதியாகக் கலக்கும். சீப்புப் பல் மறையும், 36 புள்ளி தள்ளி அரைகுறையாக இரண்டாவது கம்பு முளைக்கும். உறுமி அடிக்கிறவர் கையில் நான்கு குச்சி தெரிவதும் இப்படித்தான். இதற்குப் பயந்து, ஒரு ஃபீல்டை அப்படியே எறிந்துவிட்டு மற்றதை வைத்து 25 ஃபிரேம் செய்கிறவர்களும் உண்டு. கம்பு ஒன்றாகிவிடும். ஆனால் ஒரு மணி நேரக் கேசட்டில் உள்ள 1,80,000 ஃபீல்டுகளில் 90,000 குப்பைக்குப் போகின்றன. சினிமாவே 24 ஃபிரேம்தானே, 25 போதாதா என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். சினிமாவில் 24 என்று தெரிந்தே ஷட்டரும் கேமரா நகர்வும் அமைக்கப்படுகின்றன. பங்குனி வெயிலில் தானியங்கி ஷட்டரோடு, தோளில் கேமராவைச் சுமந்து கூட்டத்துக்குள் சட்டென்று திரும்பியவர் 50 கணங்களை நம்பித் திரும்பினார். ஷட்டர் வேகமாக ஏறியிருப்பதால் ஒவ்வொரு படமும் கூர்மையாக இருக்கும். பாதியை எடுத்துவிட்டால் ஆட்டக்காரர் தாவித் தாவி நகர்வார். அந்தத் தாவல் பதிவில் இல்லாதது, பிறகு சேர்ந்தது.

இதைவிடக் கெடுதலான ஒன்று ஃபீல்டு வரிசை. மினி டி.வி. கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். எச்.டி.வி.யிலும் ஏ.வி.சி.எச்.டி.யிலும் மேல் ஃபீல்டு முதலில். ஒரே விழாவை இரண்டு கேமராவில் எடுத்து ஒரே டைம்லைனில் போடும்போது, புராஜெக்ட் அமைப்பு ஏதோ ஒன்றைத்தான் ஏற்கும். மற்றது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டால் பின்னால் நடந்தது முன்னால் வரும். கம்பு ஒரு எட்டு முன்னே, ஒரு எட்டு பின்னே என்று உதறிக்கொண்டே சுற்றும். பார்த்தவுடன் கண்டுபிடிக்கக்கூடிய பிழை இது. கிளிப்பின் அமைப்பில் வரிசையை மாற்றினால் தீர்ந்துவிடும், ஒரு நிமிட வேலை. ஆனால் உதறலைக் கண்ட எடிட்டர் அதை ‘ஜெர்க்’ என்று பெயரிட்டு, பிளெண்ட் போட்டு அமுக்கிவிடுகிறார். காரணம் அப்படியே இருக்கிறது, அறிகுறி மட்டும் மங்குகிறது. பிளெண்ட் மேல் எனக்குள்ள நெடுநாள் கோபம் இதனால்தான். படத்தைக் கெடுப்பதோடு, எங்கே பிழை என்று காட்டும் தடயத்தையும் அது அழித்துவிடுகிறது.

மூன்றாவது, அளவை மாற்றும் வரிசை. 576 கோட்டுப் படத்தை ஃபீல்டு பிரிக்காமலேயே 1080-க்கோ 2160-க்கோ பெரிதாக்கினால், ஒன்றுவிட்டு ஒன்றாக இருந்த கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து தடித்த அலைகளாகின்றன. அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைத்தபிறகு தனித்தனியாகக் கேட்கிற கதைதான். அதற்குமேல் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. செய்ய வேண்டிய முறை வெளிப்படையானது: முதலில் ஃபீல்டு வரிசையை உறுதிசெய்ய வேண்டும், பிறகு 50 ஃபீல்டுகளையும் 50 முழு ஃபிரேம்களாக விரிக்க வேண்டும், அளவை மாற்றுவது கடைசியில். இந்த வரிசையை மாற்றிப்போட்ட கோப்புகளே ‘மாஸ்டர்’ என்ற பெயரில் பென்டிரைவில் கொடுக்கப்படுகின்றன. கேசட் தூக்கி எறியப்படுகிறது.

ஒரு ஃபீல்டில் 288 கோடுதான் இருக்கிறது. அதை 576 ஆக்கும்போது இல்லாத கோட்டை ஊகித்துத்தானே நிரப்புகிறோம், அதுவும் கற்பனைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாடிஃப் போன்ற வடிகட்டிகள் முன்பின் ஃபீல்டுகளையும் மேல்கீழ்க் கோடுகளையும் ஒப்பிட்டு, அசையாத இடத்தில் பதிவான கோட்டையே எடுக்கின்றன. அசையும் இடத்தில்தான் ஊகிக்கின்றன. கியூ.டி.ஜி.எம்.சி. இன்னும் கவனமாகச் செய்யும், நேரம் மிக அதிகம் எடுக்கும். இரண்டும் இலவசம். இவை செய்யும் ஊகத்துக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தூரத்தில் சாட்சி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இதே மருந்து என்றும் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான சினிமாவை வி.சி.ஆரில் பிடித்த கேசட்டில் பெரும்பாலும் இரண்டு ஃபீல்டுகளும் ஒரே ஃபிலிம் ஃபிரேமிலிருந்து வந்தவையாக இருக்கும். அங்கே வெறுமனே சேர்த்தால் போதும், பிரித்தால்தான் கெடும். எதைப் பார்த்தாலும் ஒரே பட்டன் என்பதுதான் தவறு.

செல்போனில் பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்பது இன்னொரு வாதம். யூடியூப் நொடிக்கு 50 ஃபிரேமை 720 கோட்டுக்குக் குறைவான படத்தில் காட்டாது என்பது உண்மை. ஆகவே பழைய படத்தைப் பெரிதாக்குவதற்கு ஒரு முறையான காரணம் இருக்கிறது: 50 கணங்களையும் காப்பாற்றி, 4:3 வடிவம் கெடாமல் 1440க்கு 1080 ஆக்கி ஏற்றினால் செல்போனிலும் கம்பு சீராகச் சுற்றும். இந்தக் காரணத்துக்காகப் பெரிதாக்குகிறவர்களை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. 25 ஆகக் குறைத்த படத்தை 4கே ஆக்குவதில் எண்ணிக்கையின் பெருமை மட்டுமே மிஞ்சுகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தப் பிழை முழுவட்டம் சுற்றிவிட்டது. 2020-ல் டெனிஸ் ஷிரியாயேவ் என்பவர் லூமியர் சகோதரர்களின் ரயில் படத்தை 4கே-யில் 60 ஃபிரேமாக்கி வெளியிட்டார். இந்த மோகம் உலகம் முழுக்கப் பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. அந்த ஃபிலிமில் இல்லாத ஃபிரேம்களை இயந்திரம் கற்பனை செய்தது. வேறு வழியில்லை, படம் அவ்வளவுதான் இருந்தது. நம் கேசட்டில் நிலைமை நேர்மாறு. நொடிக்கு 50 உண்மையான கணங்கள் இருக்கும்போது அவற்றில் பாதியை எறிகிறார்கள். பிறகு படம் தாவுகிறது என்று சொல்லி, இடையில் புது ஃபிரேம்களை இயந்திரத்தை விட்டு வரைய வைத்து 60 ஆக்குகிறார்கள். நடந்த கணம் வெளியே போகிறது, நடக்காத கணம் அதன் இடத்தில் உட்காருகிறது. இதற்கு ‘மீட்பு’ என்ற பெயரை நான் ஒப்ப மாட்டேன்.

பங்குனித் திருவிழாவின் சேத்தாண்டி வேடத்தில் இதன் விளைவைக் கண்ணெதிரே காணலாம். நேர்த்திக்கடனாக உடம்பெல்லாம் சேறு பூசி வருகிறவர்களின் தோலில் ஈரச் சேறு, காய்ந்து வெடித்த சேறு, விரல் இழுத்த தடம் என்று நுணுக்கமான வேறுபாடுகள் இருக்கும். 576 கோட்டில் அது பாதிதான் பிடிபட்டிருக்கும். ஆள் அசையும்போது அடுத்தடுத்த ஃபீல்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். கண் அவற்றைச் சேர்த்துப் புரிந்துகொள்ளும். பிளெண்ட் போட்ட படத்தில் அந்த நுணுக்கம் கலங்கிவிடுகிறது. கலங்கியதைச் செயற்கை நுண்ணறிவு இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு துடைக்கிறது. கடைசியில் சாம்பல் நிற வர்ணம் அடித்த, பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கும் முகங்கள் வருகின்றன. திருவிழாவின் அடையாளமே சேறு. அதுவே படத்தில் இல்லை. தாத்தாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது என்று முதலில் ஒப்புக்கொண்டதற்கும் இங்கே ஒரு வரம்பு வைக்க வேண்டியிருக்கிறது. தெளிவாகத் தெரியும் அந்த முகத்தில் எத்தனை விழுக்காடு தாத்தாவுடையது, எத்தனை விழுக்காடு மென்பொருள் வேறு முகங்களிலிருந்து கற்றது என்பதைப் பிரித்துச் சொல்ல, அதைச் செய்து கொடுத்தவராலும் முடியாது.

செலவு, நேரம், இடம் என்று சொல்லப்படும் சாக்குகளும் நிற்காது. மினி டி.வி. கேசட்டை ஃபயர்வயர் வழியாக எடுத்தால் டேப்பில் உள்ள எண்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், தரம் துளியும் குறையாது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. ஒரு டெராபைட் வட்டில் எழுபது மணி நேரத்துக்கும் மேல் கொள்ளும்; அதிகம் படம் பிடித்த குடும்பத்துக்குக்கூட அது போதும். அழகுபடுத்திய பதிப்பை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், மூலக் கோப்பு கையில் இருந்தால் நாளைக்கு வேறொருவர் நன்றாகச் செய்வார். ஆகவே கேசட் கொடுக்கிறவர்கள் 4கே கேட்பதற்கு முன், கோடுகள் தெரிகிற, எதுவும் செய்யாத அந்தக் கேப்சர் கோப்பை எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். தர மறுக்கிற இடத்தில் கேசட்டைக் கொடுக்கக் கூடாது.